கூரைக்குக் கேட்ட கையெழுத்து

மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கு வந்த அதிகாரி, பெற்றோரிடம் சிங்களத்தில் எழுதிய தாள் ஒன்றை நீட்டினார்.

"பள்ளிக்குப் புதுக் கூரை போடத்தான். சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க."

கொழுந்து பறிக்கும் பூவாயிக்குச் சந்தேகம் தட்டியது. கூரைக்கு இத்தனை அவசரமா?

"எழுத்துத் தெரியாத சனம். வாசிச்சுச் சொல்லுங்க, சேர்," என்றாள், ஒன்றும் அறியாதவள் போல.

"எல்லாம் கூரையைப் பத்தித்தான்."

"அந்தக் கடைசி வரி?"

"அதுவும் கூரைதான்."

பூவாயி தாளை வாங்கிச் சிங்களத்தில் தடங்கலில்லாமல் வாசித்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "தமிழ் வகுப்பை மூடச் சம்மதிக்கிறோம்னு போட்டிருக்கு."

கூட்டம் கொதித்து எழுந்தது. அதிகாரியின் முகம் வெளிறியது.

"உனக்கு எப்படிச் சிங்களம் தெரியும்?"

"நீங்க மூடப் பார்க்கிற தமிழ் வகுப்புலதான், சேர், தமிழ்ல சொல்லிச் சொல்லிச் சிங்களமும் படிப்பிச்சாங்க."