மாம்பழமும் வேலு, மகாராஜாவும் வேலு

தேனாற்றூர் என்று ஒரு நாடு இருந்ததாம். கோதண்டவர்மன் என்கிற ராஜா அதை ஆண்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மத்தியானச் சாப்பாடு ஆனதும் வேறொன்று சொல்வார்.

அவர் தெலுங்கு தேசத்து ராஜகுமாரியைக் கட்டிக்கொண்டு வந்தார். உடனே ஊரே தெலுங்கு பேசணும் என்று ஆசை வந்துவிட்டது. மந்திரி பொன்னுரங்கம் ஒரு பள்ளிக்கூடம் வைத்து, வெங்கம்மா என்கிற தெலுங்கு அம்மாளை அமர்த்தினார். அந்த அம்மாள் தெலுங்கு சொல்லிக்கொடுத்து, புரியாததைத் தமிழில் விளக்குவாள். பிள்ளைகள் இரண்டையும் கலகலவென்று பேசின.

மந்திரிக்கு நல்ல பேர். ஆஸ்தானப் புலவர் தாண்டவமூர்த்திக்கு அது பொறுக்கவில்லை.

"மகாராஜா, தமிழ்ல விளக்கினா தெலுங்கு எப்படி வரும்? தமிழை வாசலோடு நிறுத்தணும். இந்த அம்மாளை ஊருக்கு அனுப்பிடணும்."

"அனுப்பிடலாம்," என்றார் ராஜா. சாப்பாடு ஆகியிருந்தது.

வெங்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளைங்க திருதிருன்னு முழிக்குமே, சாமி!"

மந்திரி எழுந்தார். "புலவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒரு மாசம் அவரே இந்த அம்மாள்கிட்ட அப்படிப் படிச்சுக் காட்டட்டும். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை தமிழ் பேசக் கூடாது. அவர் தேறிட்டா அம்மாள் கிளம்பட்டும்."

"இதென்ன பிரமாதம்!" என்றார் புலவர்.

முதல் நாள் ஒரு மாம்பழத்தைக் கண்டார். தமிழில் வாய் திறக்கக் கூடாதே! மோதிரம் போட்ட விரலை வெங்கம்மா முகத்துக்கு நேரே ஆட்டி, பழத்தின் பக்கம் நீட்டினார். அவள் விரலைப் பார்த்து, "வேலு" என்றாள். மாட்டைக் கண்டும் விரலை ஆட்டினார். "வேலு." பாவம், மறந்து மறந்து போகிறது போல என்று அவளும் சலிக்காமல் சொன்னாள்.

புலவர் வீட்டில் மனைவியிடம், "ரொம்ப பக்தியான பாஷை. முருகன் பேர் ஒன்றே போதும்," என்றார்.

மாசம் முடிந்தது. ராணியே சோதித்தாள். மாம்பழத்தைக் காட்டினாள்.

"வேலு."

பட்டத்து யானையைக் காட்டினாள்.

"வேலு."

ராஜாவுக்கு ஆசை. "அப்போ நான்?"

"தாங்களும் வேலுதான், மகாராஜா! எல்லா வேலுக்கும் பெரிய வேலு!"

ராணி வாயைப் பொத்திக்கொண்டு, தமிழிலேயே சொன்னாள்: "புலவரே, எங்க பாஷையில வேலுன்னா விரல்."

ராஜா தம் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, தப்புன்னு நீ சொல்லக் கூடாதா?" என்று வெங்கம்மாவைக் கேட்டார்.

"விரலைத்தான் கேக்கிறார்னு நினைச்சேன், சாமி. தமிழ்ல பேசக் கூடாதுன்னு உத்தரவு. எதைக் கேக்கிறீங்கன்னு தெலுங்குல தினமும் கேட்டேன். அவருக்குத்தான் தெலுங்கு தெரியாதே!" என்றாள் வெங்கம்மா.

"எனக்குத் தமிழ் எப்படி வந்தது? என் தாதி தெலுங்குல விளக்கி விளக்கித்தானே!" என்றாள் ராணி.

ராஜா வெங்கம்மாவுக்குப் பட்டுப்புடவை கொடுத்து, பள்ளிக்கூடத்தைப் பெரிதாகக் கட்டச் சொன்னார். மந்திரிக்கு முத்துமாலை போட்டார். புலவரைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கச் சொன்னார்.

போனார். எது புரியாவிட்டாலும் இரண்டு கையையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அம்மா, இது என்ன?" என்று தமிழில்தான் கேட்பாராம். நன்றாகவே தேறினாராம். அவரும் நல்லா இருக்கட்டும், அந்தப் பிள்ளைகளும் நல்லா இருக்கட்டும்.