ஆவுடையப்பன் போட்ட கேபிளு

“இன்னும் எத்தனை கேபிளத்தான் வெட்டப் போற தாயி?”

ஆவுடையப்பன் அண்ணாச்சி கேட்டாரு.

பொன்செல்வி, அவரு போட்டுக் கொண்டாந்த சார்ஜர் கேபிளை எடுத்தா. கட்டரை வச்சு நடுவுல ஒரு வெட்டு. ரெண்டு துண்டையும் அவரு கையிலயே குடுத்துட்டா.

அது பதினொண்ணாவது.

அண்ணாச்சிக்கு அறுபத்தோரு வயசு. முப்பத்திநாலு வருஷம் கரண்டு ஆபீசுல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. பொன்செல்விக்கு இருபத்தாறு. வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கா. கடைன்ன உடனே பெருசா நெனச்சிராதீங்க. ரெண்டு பேரு உக்காந்தா மூணாவது ஆளு வெளிய நிக்கணும். முந்தி அது சோடாக் கடை. அந்தச் சோடாக்காரர், தன் மக கல்யாணத்துல, மாப்பிள்ளை தாலி கட்டப் போற நேரத்துல ஒரு ஏப்பம் விட்டாரு பாருங்க, மேளக்காரரு நிறுத்திட்டாரு. அது பெரிய கதை. இப்ப வேண்டாம்.

பக்கத்துலதான் நான் பூ கட்டி விக்கேன். அதனால எல்லாத்தையும் பாத்தேன்.

கடை வாசல்ல ஒரு ஆணி. அதுல நாலு கேபிளு தொங்கும். பஸ்ஸுக்கு நிக்கவங்க யாரு வேணாலும் போனை மாட்டிக்கிடலாம். காசு கெடையாது.

ஆனா கடையில வாங்குன கேபிளு அந்த ஆணியில பத்து நாளு தாங்காது. பஸ்ஸு வந்துட்டுன்னா நம்ம சனங்க போனைக் கழத்த மாட்டாங்க, புடுங்குவாங்க. ஒரு கல்யாணப் பொண்ணு நாகர்கோயில் பஸ்ஸைப் புடிக்க ஓடுன ஓட்டத்துல கேபிளு, ப்ளக்கு, ப்ளக்கு இருந்த பலகை எல்லாத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிட்டா. மறுநாளு அவ நாத்தனாரு வந்து பலகையத் திருப்பிக் குடுத்தா. கூட ஒரு பொட்டலம் லட்டு. நல்ல லட்டுதான், நெய்யி கொஞ்சம் கம்மி.

அதனால ஆணிக்கு வேண்டிய கேபிளை பொன்செல்வி தானே போட்டுருவா. அறுந்து வந்ததுல ஒண்ணுல நல்ல தலை இருக்கும், இன்னொண்ணுல நல்ல வயரு இருக்கும். ரெண்டையும் சேத்தா ஒரு கேபிளு.

அதுல அவளுக்கு ஒரு வழக்கம். புதுசா போட்ட கேபிளை முதல்ல அவ சொந்தப் போன்லதான் மாட்டுவா. அதுல ஏறுனாத்தான் ஆணிக்குப் போவும். அவ பொழப்பே அந்தப் போன்லதான் இருக்கு. யாரு போனு எப்ப வந்துச்சு, யாருக்கு என்ன பாகம் வரணும், அத்தனையும் அதுக்குள்ள. அது போச்சுன்னா கடையே போச்சு.

அண்ணாச்சிக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். தான் போட்ட கேபிள்ல அந்தப் போனு சார்ஜ் ஏறணும்.

அவரு எப்படி வந்தாருன்னு சொல்லல பாத்தீங்களா.

அவரு வீட்டம்மா சண்முகவடிவு கேபிளு அறுந்துட்டு. இவரு கட்டிங் பிளேயரை எடுத்து முறுக்கி, டேப்பைச் சுத்திக் குடுத்திருக்காரு. ஏறல. அந்தம்மா மூணு நாளு பாத்துட்டு இங்க கொண்டாந்துச்சு. பொன்செல்வி பத்தே நிமிஷத்துல போட்டுக் குடுத்துட்டா.

வீட்ல போயி அந்தம்மா சொல்லியிருக்கு: “பதினோராயிரம் வோல்ட்டுல கெடந்தவருக்கு அஞ்சு வோல்ட்டு அடங்கலியாக்கும்.”

மறுநாளு காலையில அண்ணாச்சி கடை வாசல்ல நின்னாரு.

“எனக்குச் சொல்லிக் குடு தாயி.”

“எதுக்கு அண்ணாச்சி? நானே போட்டுத் தாரேனே.”

“எனக்குத் தெரியணும்.”

அவ அவரைப் பாத்தா. அவரு கையில இருந்த பிளேயரைப் பாத்தா.

“அதை வீட்ல வச்சுட்டு வாங்க. நகவெட்டி இருந்தாக் கொண்டாங்க.”

“நகவெட்டியா?”

“வயரு உரிக்க.”

நான் சிரிச்சுட்டேன். அண்ணாச்சி சிரிக்கல. போயி நகவெட்டியோட வந்தாரு.

கேபிளோட தோலை உரிச்சா உள்ள நாலு வயரு இருக்கும். சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை. ஒவ்வொண்ணும் நூலு தண்டி. அந்த நூலை உரிச்சா அதுக்குள்ள முடி மாதிரி ஏழு செம்பு இழை. சார்ஜு ஏற சிவப்பும் கறுப்பும் போதும். இவ்வளவு நாளு பக்கத்துல உக்காந்தாச்சு, இதுகூடத் தெரியாட்டா எப்படி.

மொதக் கேபிளு. அண்ணாச்சி சிவப்பைக் கறுப்புல போட்டுட்டாரு.

“அண்ணாச்சி, மாறிக் கெடக்கு.”

“அதனால என்ன? மாத்திப் போட்டா பல்பு எரியாதா?”

அவ மேசைக்குள்ள இருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்து அவருகிட்ட நீட்டுனா. அவரே மாட்டுனாரு.

புகை வந்துச்சு.

“வீட்டு லைன்ல கரண்டு ரெண்டு பக்கமும் போயிட்டுப் போயிட்டு வரும் அண்ணாச்சி. இதுல ஒரு பக்கமாத்தான் போவும்.”

வெட்டுனா.

நாலாவது கேபிளை அவரு கம்பத்துல லைனைச் சேக்குற மாதிரி சேத்துட்டாரு. முறுக்கு மேல முறுக்கு, அதுக்கு மேல டேப்பு, டேப்பு மேல டேப்பு. என் பெருவிரலு தண்டி இருந்துச்சு. ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்துக் காட்டுனாரு.

“ஆளு தொங்கலாம் இதுல.”

“யாரு தொங்கப் போறா?”

அவ அந்தக் கேபிளோட கழுத்தைப் புடிச்சு இப்படியும் அப்படியும் மடக்குனா. இருவது தடவை. அவரு சேத்த இடம் கல்லு மாதிரி இருந்துச்சு. அதுக்கு ஒரு விரக்கடை தள்ளி, சும்மா கெடந்த வயரு அறுந்துட்டு.

அண்ணாச்சி ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

மறுநாளு வாரப்ப பேனாவுக்குள்ள இருக்க ஸ்பிரிங்கு ஒண்ணைக் கழத்திக் கொண்டாந்து, கேபிளு கழுத்துல மாட்டியிருந்தாரு. மடக்குனா வளையும், ஒடியாது.

“இது யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்லல.”

பொன்செல்வி அந்த ஸ்பிரிங்கை மட்டும் கழத்தி தன் டப்பாவுல போட்டுக்கிட்டா. கேபிளை வெட்டுனா. சேத்த இடத்துல உருக்கி வச்ச ஈயம் சரியாப் புடிக்கல.

அன்னைக்கு அண்ணாச்சி வீட்டுக்கு விசிலடிச்சுக்கிட்டே போனாரு. நான் பாத்தேன்.

இப்படியே பதினொண்ணு ஆயிட்டு.

பன்னெண்டாவதுக்கு வருவோம்.

அன்னைக்கு திருநெல்வேலியில பென்சன்காரங்க கூட்டம். அண்ணாச்சி கூட வேலை பாத்த மூணு பேரு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாங்க. அதுல இசக்கின்னு ஒருத்தரு, ரீடிங் எடுக்கவரா இருந்தவரு, வாயி சும்மா இருக்காது. ஒரு தடவை எங்க வீட்டு மீட்டரைப் பாக்க வந்து, அட்டையில எழுதுறதுக்கு முன்னால என் மீன் கொழம்புக்குப் புளி பத்தலன்னு சொன்ன மனுசன். புளி பத்தலதான். அது வேற.

“என்னவே ஆவுடை. டியூசன் முடியலையா?”

“இன்னைக்கு முடியும்.”

“டீச்சரு பிரம்பு வச்சிருக்காகளா?”

“கட்டர் வச்சிருக்காக,” ன்னாரு அண்ணாச்சி.

மூணு பேரும் சிரிச்சாங்க.

“போஸ்டுல நின்னா ஊரே அண்ணாந்து பாக்கும் ஒம்ம. இப்ப குனிஞ்சு நகவெட்டியோட உக்காந்திருக்கீரு.”

“பாரும்வே. இன்னைக்கு என் கேபிள்ல அவுங்க போனு ஏறும். அதைப் பாத்துட்டுத்தான் நீரு பஸ் ஏறணும். கூட்டத்துல நாலு பேருட்ட சொல்லணும்.”

சட்டைப் பையில இருந்து கேபிளை எடுத்தாரு.

அழகான கேபிளு. நான் அம்பது வருஷமா சரம் கட்டுதேன், கை சுத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். சேத்த இடம் எதுன்னே தெரியல. மேல உறை மாதிரி கறுப்பு ஸ்லீவு, சூடு காட்டி அப்படியே ஒட்டிக்கெடந்துச்சு. கழுத்துல ஸ்பிரிங்கு.

பொன்செல்வி வாங்குனா.

இழுத்துப் பாத்தா. வரல.

கழுத்தை இருவது தடவை மடக்குனா. ஒடியல.

கரண்டு அளக்குற மீட்டரை வச்சா. முள்ளு நிக்க வேண்டிய இடத்துல நின்னுச்சு.

இசக்கி கிட்ட வந்து குனிஞ்சு பாத்தாரு. எனக்குச் சொந்தக்காரரு ஒண்ணும் இல்ல, ஆனாலும் எனக்கு நெஞ்சு நிமிந்துட்டு. இந்தாங்கன்னு நாலு பேருக்கு ஆளுக்கொரு முழம் பூ குடுத்திரலாமான்னு இருந்துச்சு. குடுக்கல.

பொன்செல்வி மேசை டிராயரைத் தொறந்தா. அவ சொந்தப் போனை எடுத்தா. கேபிளோட தலையை அது வாயிக்கு நேரா கொண்டு போனா.

“இரு தாயி.”

அண்ணாச்சி குரலு.

அவ நிறுத்துனா.

அவரு கையை நீட்டுனாரு. அவ கேபிளைக் குடுத்தா. அவரு மேசை மேல கெடந்த கட்டரை எடுத்தாரு. வெட்டிட்டாரு.

சேத்த இடத்துக்குப் பக்கத்துல, ஒரே வெட்டு.

“யோவ்,” ன்னாரு இசக்கி. “கிறுக்குப் புடிச்சிட்டா ஒமக்கு?”

“உரிக்கும்போது சிவப்புல ரெண்டு இழை அறுந்துட்டு,” ன்னாரு அண்ணாச்சி. “ஸ்லீவைப் போட்டு மூடிட்டேன்.”

“மீட்டரு நல்லாத்தானவே காட்டுச்சு.”

“காட்டுச்சு.”

“அஞ்சு இழை இருக்குல்லா. எவனுக்குவே தெரியப் போவுது?”

அண்ணாச்சி வெட்டுன வாயில இருந்த ஸ்லீவை நகத்தால கிழிச்சு, உள்ள இருந்த சிவப்பு வயரை பொன்செல்வி பக்கம் திருப்பிக் காட்டுனாரு. அவ குனிஞ்சு பாத்தா. நிமிந்து அவரைப் பாத்தா.

திருநெல்வேலி பஸ்ஸு உள்ள வந்துச்சு.

“வாரீரா, இல்லியா?”

“நீங்க போங்க.”

“கூட்டத்துல கேட்டா என்னன்னு சொல்ல?”

“பன்னெண்டையும் வெட்டியாச்சுன்னு சொல்லும்.”

இசக்கி தோள்ல கெடந்த துண்டைச் சரி பண்ணிட்டு ஏறிட்டாரு. பஸ்ஸு நகந்து போயி வாசல் தாண்டுற வரைக்கும் ஜன்னல் வழியா அண்ணாச்சியவே பாத்துக்கிட்டுப் போனாரு. கேலிப் பார்வை இல்ல அது. ஆபீசுல பெரிய ஆளு வந்தா எந்திருச்சு நிப்பாங்கல்லா, அப்படி ஒரு பார்வை.

அண்ணாச்சி உக்காந்தாரு. பெட்டியில இருந்து வேற ஒரு வயரை எடுத்தாரு. தோலை உரிச்சாரு. நாலையும் பிரிச்சாரு. சிவப்பைத் தனியா எடுத்து நகவெட்டி வாயில வச்சாரு. நிறுத்தி, வேட்டியில கையைத் தொடச்சுக்கிட்டாரு.

பொன்செல்வி தன் போனைத் திருப்பி டிராயருக்குள்ள வைக்கல. அவரு கைக்குப் பக்கத்துல, மேசை மேல வச்சா.

போனு வெளிச்சம் கம்மியா எரிஞ்சுச்சு.

“சார்ஜு மூணு பெர்சன்ட் இருக்கு அண்ணாச்சி,” ன்னா. “மெதுவாவே போடுங்க.”