காகம் தீர்த்த பாட்டு வழக்கு

குளக்கரை ஆலமரத்தில் அஞ்சனி என்றொரு காகம் கூடு கட்டியிருந்தாள். பக்கத்து நாவல் மரத்துக் குயில் செங்கண்ணனைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஆனால் அவன் பாட்டு காதில் விழுந்தால் கோபம் மறந்துபோகும். அப்படி மறந்துபோவதும் அவளுக்கு ஒரு கோபம்தான்.

செங்கண்ணன் விடிந்தது முதல் ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பாடிப் பார்ப்பான். சாயங்காலம் அது பாட்டாகியிருக்கும். கேட்க வருகிற மானும் முயலும் அணிலும் மரத்தடிப் பாறையில் ஆளுக்கொரு பழம் வைத்துவிட்டுப் போகும். இரை தேடப் பொழுதில்லாத குயிலுக்கு அதுதான் சாப்பாடு.

எதிர்க்கரையில் பவளவாயன் என்ற கிளி இருந்தான். எந்தப் பாட்டையும் ஒருமுறை கேட்டால் போதும், அச்சு அசலாகத் திருப்பிப் பாடிவிடுவான். சொந்தமாக ஒரு வரி கட்டத் தெரியாது. அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. குயிலின் புதுப் பாட்டை எல்லாம் மறுநாளே பாடி, இங்கே பழம் எதுவும் வேண்டாம், சும்மா வந்து கேளுங்கள் என்று கூப்பிட்டான். சும்மா கிடைப்பது யாருக்குக் கசக்கும்? காடே எதிர்க்கரைக்குப் போயிற்று. கிளியை வள்ளல் என்றார்கள். அவனும் கழுத்தைக் கொஞ்சம் தூக்கியே நடந்தான்.

நாவல் மரத்துப் பாறை காலியாகக் கிடந்தது. குயில் பழம் தேடி மலையடிவாரம் வரை பறந்தான். திரும்பி வந்தால் பாட மூச்சு இருக்காது. உடம்பு இளைத்தது, புதுப் பாட்டு நின்றது. கடைசியில், காட்டைவிட்டே போகிறேன் என்று சொல்லிவிட்டான். அப்போதுதான் மற்றவர்களுக்குச் சுருக்கென்றது. உடனே பஞ்சாயத்தைக் கூட்டினார்கள்.

தீர்ப்பை அஞ்சனி சொல்லட்டும் என்று கிளி முந்திக்கொண்டான். அதில் அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. அஞ்சனி ஒரு பருக்கை கிடைத்தாலும் ஊரைக் கூப்பிட்டுத்தான் தின்பாள்; கொடுக்கிறவன் பக்கம்தானே பேசுவாள்? தவிர, போன பருவத்தில் குயிலின் மனைவி அவள் கூட்டில் கள்ளத்தனமாக முட்டையிட்டுப் போயிருந்தாள். யாரோ பெற்ற பிள்ளைக்கு அஞ்சனி மாய்ந்து மாய்ந்து இரை ஊட்டினாள். குஞ்சு குரல் எடுத்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அந்த ஆத்திரம் காட்டுக்கே தெரியும்.

பஞ்சாயத்தில் கிளி முதலில் பேசினான்.

“அக்கா, பழத்தை எடுத்தா மரத்துல பழம் குறையும். பாட்டை எடுத்தா என்ன குறையுது? அவன் பாட்டு அவன் தொண்டையிலதானே இருக்கு! கிடைச்சதை நாலு பேருக்குக் கொடுத்தேன். நீங்களும் அதைத்தானே செய்றீங்க?”

கூட்டம் தலையாட்டியது.

“குறையலைதான்,” என்றான் குயில். “ஆனா அது தானா முளைக்கலை. நாள் பூரா உழைச்சு உண்டாக்கினேன். உழைச்சவனை ஒரு வார்த்தை கேட்காம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு.”

அஞ்சனிக்கு இரண்டு மனசாக இருந்தது. கிளி பக்கம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குயில் குடும்பம் காட்டைவிட்டுப் போய்விடும். அப்புறம் அவள் கூடு அவளுக்கே. அந்த ஆசை அவளுக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் கிளி சொன்ன நியாயத்தை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். முட்டைக்காகச் சண்டைக்குப் போன அன்று, “கூட ஒரு முட்டை இருந்தா உன் சூடு குறைஞ்சா போகும்?” என்று இதே செங்கண்ணன்தான் கேட்டான். அன்று வயிறு எரிந்தது இன்னும் அவளுக்கு ஆறவில்லை.

“பவளவாயா, நான் ஊரைக் கூப்பிட்டுக் கொடுக்கறது நான் தேடின சோறு,” என்றாள். “நீ கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்சே. இனிமே அவனைக் கேட்டுப் பாடு. அங்கே கேக்கறவங்களும் பழம் வைக்கட்டும். அதுல பாதி இந்தப் பாறைக்கு வரணும்.”

பழமே கிடைக்காத நாளில் என்ன செய்வது என்று ஓர் எலி கேட்டது. என்னிடம் சொன்னால் போதும், சும்மாவே பாடுகிறேன் என்றான் குயில். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. காகத்தைப் போல நியாயவாதி உண்டா என்று புகழ ஆரம்பித்தான்.

“இரு தம்பி, தீர்ப்பு முடியலை. உழைச்சவனைக் கேட்காம எடுத்தா அதுக்கு என்ன பேருன்னு சொன்னே?”

குயில் வாயைத் திறந்தான். கூட்டம் முழுக்க ஆலமரத்துக் கூட்டைப் பார்த்தது. அவனும் பார்த்தான்.

“திருட்டு,” என்றான் மெல்ல.

“என் சூடு குறையலைதான். ஆனா என் சொந்தக் குஞ்சுங்க அரை வயிறோடதான் வளர்ந்துச்சு. இனிமே முட்டை வைக்கணும்னா உன் வீட்டுக்காரி என்னை வந்து கேக்கணும். நான் சரின்னு சொன்னா, குஞ்சு பறக்கற வரைக்கும் நீயும் இரை கொண்டு வரணும்.”

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பட்டினி கிடந்த குயிலுக்கு அரை வயிறு என்றால் என்னவென்று இப்போது தெரிந்திருந்தது. சரி என்று தலையாட்டினான். அன்று பாறையில் முதலில் விழுந்த அத்திப்பழத்தைத் தான் தொடாமல், அஞ்சனியின் இந்தப் பருவத்துக் குஞ்சுகளுக்கு எடுத்துக்கொண்டு போனான்.

எடுத்தாலும் குறையாத பொருள்தானே என்று பிறர் உழைப்பைக் கேட்காமல் எடுப்பதும் திருட்டுதான். அதற்கு நியாயம் கேட்டு வருகிறவன் முதலில் தன் கணக்கைத் தீர்த்துவிட்டு வர வேண்டும்.