ஈரச் சிமெண்டில் நான்கு தடம்

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். கடைசியில் உங்களிடம்தான் நியாயம் கேட்கப்போகிறேன்.

தூத்துக்குடியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஜெசிந்தா என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் அம்புரோசுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மகள் டெல்மா பிறக்குமுன் போனவன், இன்னும் பிள்ளையைக் கையில் வாங்கவில்லை. அவள் தவழத் தொடங்கியபோது போனில் ஒன்று கேட்டான்: "முத நடைய நான் வீடியோவுலயாவது பாக்கணும். அதுவரைக்கும் நடக்க விட்டுராத." விளையாட்டாகத்தான் கேட்டானோ என்னவோ, இவள் மாதா படத்தைத் தொட்டு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருவுக்கு ஃபைபர் இணைப்பு வந்தது. வந்தது என்றால், முதலில் பள்ளம் வந்தது. வாசலுக்கு வாசல் தோண்டிப் போட்டார்கள். அதில் பழைய இணைய வயர் அறுந்துபோனது. கைப்பேசியில் குரல் மட்டும் வரும். படம் போட்டால் அம்புரோஸ் பாதிக் கண் மூடினபடி அப்படியே நிற்பான். புது இணைப்பைக் கேட்டால், நாளைக்கு என்றார்கள். அந்த நாளை வரவே இல்லை. மழை வந்து பள்ளத்தை நிறைத்தது. பிள்ளை போய் அதில் விழுந்துவிடுமோ என்று ஜெசிந்தாவுக்குப் பயம். வாக்குக்குப் பாதி, பயத்துக்குப் பாதி என்று பிள்ளையை இடுப்பிலேயே வைத்திருந்தாள்.

"இடுப்புல வச்சேதான் கல்யாணமும் பண்ணிக் குடுப்பியோ?" என்று கேலி பண்ணினாள் பக்கத்து வீட்டுப் பிலோமி அக்கா. ஜெசிந்தா வாக்கைப் பற்றிச் சொன்னதும் கேலியை விட்டுவிட்டாள். பிலோமியின் புருஷனும் கப்பல்காரர்தான். அவர் முதல் லீவில் வந்து இறங்கியபோது மகன் தெருவில் பந்து உதைத்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள், பள்ளத்தை மூடிச் சிமெண்ட் பூசிக்கொண்டே வந்த ஆட்கள் பிலோமி வாசலோடு நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள். ஜெசிந்தா வீட்டுக்கு இன்னும் வயர் இழுக்கவில்லை. மேஸ்திரியை மறிக்கத் தெருமுனைக்கு ஓடவேண்டி வந்தது. "பிள்ளய இங்க தா. நீ போய் நல்லாச் சண்ட போட்டுட்டு வா," என்றாள் பிலோமி.

ஜெசிந்தா திரும்பி வந்தபோது குழாயடியில் பிலோமி பிள்ளையின் கால்விரல்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளை அழுதாள், வேடிக்கை காட்டினேன் என்று சொன்னாள். அதோடு சரி.

மறுநாள் பிலோமி வாசலில் இறுகிய சிமெண்டில் நான்கு சின்னத் தடங்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து விரலும் ஆழப் பதிந்திருந்தன; குதிகால் இருக்கவேண்டிய இடம் பூசினபடி வழவழவென்று இருந்தது. இருபுறமும் பிலோமியின் செருப்புத் தடம்.

ஜெசிந்தாவுக்கு நெஞ்சு எரிந்தது. எங்கோ கடல் நடுவில் ஒருத்தன் காத்துக்கிடக்க, அவனுக்கென்று வைத்திருந்தது பக்கத்து வீட்டு வாசலில் செலவாகிவிட்டதே! கேட்டால் அது உறுதியாகிவிடும் என்று பயந்து, கேட்காமலே இருந்தாள்.

ஒருவழியாக வயர் வந்தது. கப்பல் துறைமுகம் சேர்ந்த அன்று அம்புரோஸ் திரையில் தெளிவாக வந்தான். காதோர நரைகூடத் தெரிந்தது. ஜெசிந்தா பிள்ளையைத் தரையில் நிறுத்திக் கையை எடுத்தாள். டெல்மா தள்ளாடினாள். பாதம் முழுக்க ஊன்றி நின்றாள். மூன்று எட்டு வைத்துப் போய், திரையில் அப்பன் மூக்கில் ஓர் அறை வைத்தாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "இதுதான் முதத் தடவயா?"

பிலோமி வாசல்படியில் நின்றிருந்தாள். ஜெசிந்தா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிலோமியின் பார்வை டெல்மாவின் பாதத்திலேயே இருந்தது.

"ஆமாங்க," என்றாள் ஜெசிந்தா, பொய் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டே.

இப்போது சொல்லுங்கள். ஜெசிந்தா சொன்னது பொய்யா? அந்த வாக்கைக் காப்பாற்றியது யார்?

விடை: பொய்யில்லை, அவளுக்கே தெரியாத உண்மை. தானாக நடக்கும் பிள்ளை என்றால் பாதம் முழுக்கப் பதிந்திருக்கும். விரல் மட்டும் பதிந்திருக்கிறது என்றால், மேலே இரண்டு கையையும் யாரோ தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். சிமெண்டை நோக்கி இழுத்த பிள்ளையைப் பிலோமி போகவிட்டாள். பிடியை மட்டும் விடவில்லை. வாக்குக் கொடுத்தவள் ஜெசிந்தா, காப்பாற்றியவள் பிலோமி. தன் மகன் வைத்த முதல் அடியை அவள் ஒருத்திதான் பார்த்தாள். டெல்மாவின் முதல் அடியை, அப்பனும் பார்க்க, வாசல்படியில் நின்று பார்த்தாள்.