சபேசன் எழுதிய இரண்டு தெரிவுகள்

கணினி விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனம் ஒன்றில் மெய்யம்மை கதைப்பிரிவின் தலைவியாக இருந்தார். தம்மிடம் பணிபுரிவோருக்கு எழுதவும் கற்றுக்கொடுத்ததால், வயதில் மூத்தவர்கள்கூட அவரை டீச்சர் என்றே அழைத்தனர்.

அம்மூத்தவர்களுள் ஒருவர் சபேசன். நிலோஃபர் அவருக்கு நெடுநாள் பின்னர் சேர்ந்தவள்.

அவர்கள் உருவாக்கிய விளையாட்டில் ஒரு பெரிய நாடு இருந்தது. ஆடுபவர் எத்திசையிலும் போகலாம். எதிர்ப்படுவோர் தரும் பணிகளை ஏற்கலாம், மறுக்கலாம். எல்லோர் கண்ணிலும் தவறாமல் படுவது முதற்பணி மட்டுமே. அந்த ஓரிடத்துக்காகச் சபேசனும் நிலோஃபரும் ஆளுக்கொரு பணியை எழுதியிருந்தனர்.

சபேசனின் பணியில், காயம்பட்ட பகைவீரன் ஒருவன் கோட்டைக் கதவைத் தட்டுவான். திரையில் இரண்டு தெரிவுகள் தோன்றும்: ‘அடைக்கலம் தந்து காப்பாற்று’, ‘இரக்கமின்றி விரட்டு’. சோதனைக்கு வந்த ஆட்டக்காரர்கள் அனைவரும் அவனைக் காப்பாற்றினர். அதே வேகத்தில் அடுத்த ஊருக்குப் போய்விட்டனர்.

நிலோஃபரின் பணியில், ஒரு பெண்ணை ஆடுபவரே ஆற்றில் படகேற்றி அனுப்புவார். அவள் கையில் ஒரு குழந்தை இருக்கும். யாருடையது என்று தெரியாது. பிறகு வாளோடு ஒருவன் மூச்சிரைக்க வந்து, அவளைப் பார்த்தாயா என்று கேட்பான். ‘பார்த்தேன்’, ‘பார்க்கவில்லை’ என்பவையே தெரிவுகள். ஆட்டக்காரர்கள் பொத்தானின்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தனர். ஒருவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

சபேசன் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிலோஃபரின் திரை ஒருமுறை உறைந்து நின்றது. அப்போது அவருக்கு உண்டான மகிழ்ச்சி, அது மீண்டும் இயங்கியதும் போய்விட்டது.

தேநீர் வேளையில் நிலோஃபர் அவரிடம், “அண்ணே, உங்க பகைவீரனை விரட்ட ஒரு ஆளாவது கிடைச்சானா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தனர். டீச்சரும் சிரித்ததைத்தான் சபேசனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மாலையில் அவர் மெய்யம்மையின் அறைக்குச் சென்றார். தம் அனுபவத்தைச் சொன்னார். தம் பணியில் கதை பிரிந்துசெல்லும் கிளைகள் மிகுதி என்றார். நேற்று வந்தவளுக்கு இங்கே தனி மரியாதை நடக்கிறது என்றும் சொன்னார். மெய்யம்மை இடைமறிக்காமல் கேட்டார்.

“முடிவு செய்ய வேண்டியவள் நான். எனக்கான இரண்டு தெரிவுகளை நீங்களே எழுதுங்கள். ஒன்றை அழுத்துகிறேன்.”

சபேசன் அங்கிருந்த கணினியில் எழுதினார்: ‘உழைப்புக்கு உரிய இடத்தைக் கொடு.’ ‘செல்லப்பிள்ளைக்குச் சலுகை காட்டு.’

மெய்யம்மை படித்துப் பார்த்தார்.

“இரண்டாவதை யார் அழுத்துவார்?”

“யாரும் அழுத்தமாட்டார்கள்.”

“அப்படியானால் எனக்கு இங்கே என்ன வேலை?”

சபேசனின் காதுகள் சுட்டன. எழுதியதை அழித்தார். மறுபடி எழுதினார், அதிலும் ஒரு சொல் அவர் பக்கம் சாய்ந்திருந்தது. அதையும் அழித்தார். கடைசியில் திரையில் எஞ்சியவை இவை: ‘சபேசனுடையதை வை.’ ‘நிலோஃபருடையதை வை.’

மெய்யம்மை தம் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

“நீங்களே அழுத்துங்கள். எதை அழுத்தினாலும் அதுவே முதற்பணி. நான் மாற்றமாட்டேன். அழுத்தியவர் யார் என்று வெளியே சொல்லவும் மாட்டேன்.”

சபேசன் தம் பெயரின்மேல் அம்புக்குறியைக் கொண்டுசென்றார். அங்கேயே நிறுத்தினார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிலோஃபர் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். அவரைக் கண்டதும் வழக்கம்போல் கையசைத்துவிட்டுப் போனாள்.

அவர் விரல் அசையவில்லை.

“டீச்சர், எது சரி?”

“அதைத்தான் இப்போது அழித்துவிட்டீர்களே, சபேசன்.”