வெறும் வாசல்

“எனக்குப் பெயர் வேண்டாம் அம்மா. நெற்றியில் விபூதி வேண்டாம். எழுத்து, படம், அடையாளம் ஒன்றுமே வேண்டாம். எல்லாம் பொய்,” என்றார் வைத்திலிங்கம்.

அருளம்மை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஆற்றங்கரை மடத்துக்கு அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். வைத்திலிங்கத்துக்கு அறுபத்திரண்டு.

“யார் மேல் கோபம் ஐயா?”

“கோபமெல்லாம் இல்லை. தத்துவ விசாரம்.”

அருளம்மை இன்னொரு காயை எடுத்தார்.

“தம்பி சபாநாயகம்,” என்றார் வைத்திலிங்கம். “இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைப் போடவில்லை. அச்சகத்தில் விட்டுப்போச்சு என்றான். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை.”

“பெயரே பொய் என்றீர்களே.”

“அதைத்தான் சொல்கிறேன். ஒரு வரி மை. அதற்காக ஒரு தம்பியைத் தொலைத்தேன். மாட்டுக்கு உண்டா இந்தச் சனியன்? மனுஷனுக்குத்தான் எதைப் பார்த்தாலும் வேறொன்றாகத் தெரிகிறது. தரையை வெறும் தரையாகப் பார்க்க வேண்டும் எனக்கு. வழி சொல்லுங்கள்.”

அருளம்மை தொலியை ஓரமாகத் தள்ளினார்.

“நாளைக் காலையில் உங்கள் வாசலில் கோலம் வேண்டாம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

வீட்டில் இதைக் கேட்டதும் மனைவி கோமளத்துக்குத் திக்கென்றது.

“மார்கழி மாசத்துலயா? தெரு என்ன நினைக்கும்?”

“அம்மா சொல்லியிருக்காங்க.”

“அப்ப உங்க பாடு, உங்க அம்மா பாடு. நான் ஒருநாளாவது விடிஞ்சும் தூங்குறேன்.”

விடிந்தது. தெரு நெடுகக் கோலம், நடுவில் பூசணிப்பூ. வைத்திலிங்கத்தின் வாசல் மட்டும் வறண்டு கிடந்தது. ஜன்னலை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து பார்த்தார். தரை தரையாகத்தான் இருந்தது. அவருக்குத் திருப்தியாக இருந்தது.

பால்காரர் வந்தார். வாசலைப் பார்த்தார். மணியடிக்காமல் பாலைத் திண்டில் வைத்துவிட்டு, சைக்கிளை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார்.

எதிர்வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள்.

அப்போதுதான் தெருமுனையில் ஓர் ஆள் ஓடி வருவது தெரிந்தது. சட்டை இல்லை. ஒரு காலில்தான் செருப்பு.

“அண்ணே! அண்ணே!”

கதவைத் தட்டவில்லை, அறைந்தார் சபாநாயகம்.

வைத்திலிங்கம் திறந்தார். தம்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். தோளைத் தொட்டு அழுத்திப் பார்த்தார்.

“அண்ணி?”

“தூங்குறா.”

“தூங்குறாங்கன்னா?”

உள்ளேயிருந்து குறட்டை கேட்டது.

சபாநாயகம் அந்த வெறும் தரையிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தார்.

“சாவு விழுந்த வீட்டு வாசல்தானே இப்படிக் கெடக்கும்? உசிரோட உக்காந்துக்கிட்டு வாசலை இப்படிப் போட்டு வச்சிருக்கியே, மூளை இருக்கா உனக்கு? பால்காரன் வந்து சொன்னதும் ஒத்தச் செருப்போட ஓடியாந்தேன்.”

“நான் போயிட்டா வருவியாடா?”

“வந்துதானே உக்காந்திருக்கேன்!”

வைத்திலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“காப்பி குடிக்கிறியா?”

“சர்க்கரை வேணாம். எனக்கு சுகர்.”

“எப்பலேருந்து?”

“ஆறு வருஷமா.”

“எனக்கு எட்டு.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். ரேடியோ மறுபடியும் பாடியது.

மத்தியானம் வைத்திலிங்கம் மடத்துக்குப் போனார்.

“வெறும் தரையைப் பார்த்தீர்களா ஐயா?” என்றார் அருளம்மை.

“வெறும் தரை எங்கே அம்மா இருந்தது?”

“பின்னே?”

“அதில் என் பெயர் இருந்தது. யாரும் எழுதவில்லை. தம்பி படித்துவிட்டான்.”