வனஜாட்சியின் கூறைச் சேலை

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சிஷ்யைக்கு அறுபத்து மூன்று.

சிஷ்யை மாயவரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் டீச்சராக இருந்த காலத்தில், குரு ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து அதே பெஞ்சின் மேல் ஏறியும் நின்றிருக்கிறாள். பெயர் கலாவல்லி. இப்போது அவள் செய்வது வேறு யாரும் அதிகம் செய்யாத வேலை. பழைய புகைப்படங்களில் இருப்பவர்கள் உடுத்திய துணிமணியை நூல் நூலாகப் பார்த்து, மறுபடி அப்படியே செய்து, கண்காட்சிகளில் நிறுத்துவாள்.

சிஷ்யையின் பெயர் அபயாம்பாள். ஓய்வு பெற்ற மறு வாரமே பையும் மூக்குக்கண்ணாடியுமாகக் கலாவல்லியின் முன்னால் போய் நின்றாள்.

“எனக்கு இந்த வேலையைக் கத்துக்கொடு.”

“விளையாடாதீங்க டீச்சர்.”

“வீட்டுப்பாடமெல்லாம் ஒழுங்கா எழுதிட்டு வருவேன்.”

கலாவல்லி சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து இவள் அவளைக் ‘குருவே’ என்று கூப்பிட்டாள். அவள் இவளை ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டாள். கேட்பவர்களுக்கு யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று புரியாது. அவர்கள் இருவருக்கும் புரிந்திருந்தது.

மூன்றாம் வருஷம் வனஜாட்சியின் வீட்டு வேலை வந்தது.

எழுத்தாளர் வனஜாட்சியைத் தெரியாத வீடு அந்த ஊரில் இல்லை. பதினைந்து வயதில் கல்யாணம். பதினோராம் மாதம் கணவன் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். அலமாரியில் இருந்த கூறைச் சேலையை மாமியார் எடுத்து, பாடையின் மேல் போட்டு அனுப்பிவிட்டாள். அதன்பின் அறுபது வருஷம் வெள்ளைச் சேலையும் பேனாவுமாக வாழ்ந்து தீர்த்தவள் வனஜாட்சி. அவள் போன பிறகு வீட்டை நினைவில்லம் ஆக்கினார்கள். அவள் கல்யாணத்துக்கு எடுத்த ஐந்து சேலைகளையும் திரும்ப நெய்து, ஐந்து பொம்மைகளுக்குக் கட்டி, கூடத்தில் நிறுத்த வேண்டும் என்றார்கள். தை பிறந்ததும் திறப்பு விழா.

நான்கு சேலைகளுக்குத் தடயம் கிடைத்தது. ஒன்றிலிருந்து வெட்டித் தைத்த தலையணை உறை ஓர் உறவுக்காரர் வீட்டில் இருந்தது. மற்ற மூன்றைப் பற்றி வனஜாட்சியே கடிதங்களில் எழுதியிருந்தாள். ஐந்தாவது, முகூர்த்தத்தில் கட்டிய கூறை. அதற்கு இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கட்டங்களை எண்ணலாம். நிறத்தை எண்ண முடியாது.

“அதை நான் தனியாச் செய்யறேன்” என்றாள் அபயாம்பாள்.

“ஏன் டீச்சர்?”

“நாப்பது வருஷமா அவளைப் படிக்கறேன். அவகிட்டேருந்து பிடுங்கினதை அவகிட்டயே திருப்பிக் கொடுக்கணும். சாகறதுக்கு முன்னாடி நான் அதைச் செஞ்சுட்டேன்னா போதும்.”

கலாவல்லி குறிப்பேட்டைத் திறந்தாள்.

“சரி. என்ன நிறம்?”

“வாழைப்பூ நிறம். அரக்குக் கரை.”

“எங்கே எழுதியிருக்காங்க?”

“எங்கேயும் எழுதலை. படிச்சவளுக்குத் தெரியும்.”

கலாவல்லி எதையும் எழுதாமல் குறிப்பேட்டை மூடினாள். பிறகு சொன்னாள்.

“ஒண்ணு மட்டும். மஞ்சள் வைக்காதீங்க.”

புதுத்துணி எடுத்தால் ஓரத்தில் துளி மஞ்சள் தடவாமல் யாரும் உடுத்துவதில்லை. அபயாம்பாளுக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

“ஏன் வைக்கக் கூடாது?”

“மஞ்சள் வெச்சா அது யாரோ கட்டிக்கப்போற துணி. நாம செய்யறது பார்க்கற துணி. கூப்பிட்டுட்டு, வந்துட்டாங்களேன்னு அழக் கூடாது.”

“என்னைப் பயமுறுத்தறதுல உனக்கு ஒரு சந்தோஷம்.”

“பெஞ்சு மேல ஏத்தினதுக்குப் பழி வாங்கறேன்” என்றாள் குரு. ஆனால் சிரிக்கவில்லை.

முதல் நான்கு பொம்மைகளுக்கும் இருவருமாகவே சேலை கட்டினார்கள். தலையில்லாத, கையில்லாத, பஞ்சு அடைத்த பொம்மைகள். ஒருத்தி நின்று சுற்றினாள். மற்றவள் தரையில் உட்கார்ந்து கொசுவத்தைப் பிடித்துக்கொண்டாள். கொசுவம் பிடிக்க ஓர் ஆள் இல்லாமல் பட்டு படியாது.

பிறகு கலாவல்லி வேறு வேலையாகச் சென்னைக்குப் போனாள். அவள் போன மறுநாள் நெசவாளர் கூறையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அபயாம்பாள் கூடத்தில் தனியாக அதைப் பிரித்தாள். வாழைப்பூவின் மேல் மடலை உரித்து விரித்தது போல் அந்த நிறம் தரையில் கிடந்தது. புதுப் பட்டின் வாடை மூக்கில் ஏறியது. கண் கரித்தது. திறப்பு விழா பூஜைக்கு வாங்கி வைத்திருந்த சாமான்களில் மஞ்சள்தூள் பொட்டலமும் இருந்தது. விரல் நுனியை நனைத்து, பொட்டலத்தில் தொட்டு, சேலையின் ஓரத்தில் வைத்தாள். வைத்த பிறகுதான் குரு சொன்னது நினைவுக்கு வந்தது.

ஈரத்துணியால் துடைத்தாள். மஞ்சள் இன்னும் படர்ந்தது. அந்த முனை வெளியே தெரியாதபடி உள்ளே சொருகி, ஐந்தாவது பொம்மைக்குக் கட்டினாள். கொசுவம் பிடிக்க ஆளில்லை. ஊசிகள் குத்திச் சமாளித்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனாள். ஒரு மணிக்குத் திரும்பி வந்து திறந்தாள்.

ஐந்தாவது பொம்மை வெறும் உடம்பாக நின்றது. கூறை அதன் காலடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. குத்தியிருந்த ஊசிகள் ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் கிடந்தன.

மற்ற நான்கு சேலைகளில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

காவல்காரர் வீராசாமியைக் கூப்பிட்டாள்.

“உள்ளே யார் வந்தா?”

“சாவி உங்க இடுப்புலதானேம்மா இருக்கு?”

“நீங்க ஏதாவது எடுத்து மடிச்சீங்களா?”

“எம் பொண்டாட்டி சேலையையே ஒரு நாள் மடிச்சதில்லைங்க நான். அதுக்கே வீட்டுல பேச்சு வாங்கறேன்.”

மறுநாள் ஊசியை நம்பாமல் நூலால் தைத்தே கட்டினாள். மத்தியானம் திரும்பி வந்தபோது சேலை காலடியில் மடிந்திருந்தது. தையல் பிரிக்கப்பட்டு, நூல் ஓர் ஊசியில் சுற்றப்பட்டிருந்தது. அவள் பொம்மையின் இடுப்பைத் தொட்டாள். தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பஞ்சில் உடம்புச் சூடு இருந்தது.

பயம் முதலில் வந்தது. பின்னாலேயே ஒரு சந்தோஷமும் வந்தது. வந்துவிட்டாள். நாற்பது வருஷமாகப் படித்தவள் கூப்பிட்ட குரலுக்கு வனஜாட்சி வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அவள் சாப்பிடப் போகவில்லை. சேலையைக் கட்டி முடித்து, “அம்மா, இது உங்களோடதுதான். கட்டிக்குங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தி, அதில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். தெரு முழுக்க வெயில். பக்கத்து வீட்டு ரேடியோவில் பன்னிரண்டு மணிச் செய்தி.

உள்ளே கண்ணாடி வளையல் குலுங்கியது. பட்டு உரசியது. யாரோ அவசரமில்லாமல் அவிழ்க்கும் சத்தம். பிறகு ஒரு தடுமாற்றம். காலில் துணி சிக்கியவள் விடுகிற சின்ன மூச்சு. அப்புறம் ஒன்றுமில்லை.

திறந்து பார்த்தாள். சேலை காலடியில் இருந்தது.

“வேண்டாமா?” என்று கேட்டாள். அவள் கேட்டது அவளுக்கே திரும்ப வந்து விழுந்தது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலையில் கலாவல்லி திரும்பி வந்தாள். அபயாம்பாள் எதையும் மறைக்கவில்லை.

“மஞ்சள் வெச்சுட்டேன், குருவே.”

“தெரியும். முகத்தைப் பார்த்தாலே தெரியுது. சாப்பிட்டீங்களா?”

“மூணு நாளா அவ வரா. வந்து அவிழ்த்து வெச்சுட்டுப் போறா. நான் கொடுக்கறதை வாங்கிக்க மாட்டேங்கறா. நாளைக்கு எல்லாரும் வரப்ப வெறும் பொம்மையைக் காட்டவா?”

கலாவல்லி தன் பையிலிருந்து குளிக்கிற துண்டு ஒன்றை எடுத்து உதறி அவளிடம் கொடுத்தாள்.

“இதை மடிங்க.”

“இப்ப எதுக்கு?”

“வீட்டுப்பாடம்.”

அபயாம்பாள் பேசிக்கொண்டே மடித்தாள். நீளவாக்கில் இரண்டாக, பிறகு நான்காக. குறுக்கில் மூன்றாக. மிஞ்சிய முனையை உள்ளே தள்ளி, மேலே உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தினாள்.

கலாவல்லி துண்டை வாங்கிப் பொம்மையின் காலடியில், கூறைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டையும் பார்த்தார்கள். நான்கு. மூன்று. உள்ளே போன முனை. பட்டின் மேலும் துண்டின் மேலும் உள்ளங்கை அழுந்திய அதே இரண்டு பள்ளம்.

“எல்லாரும் இப்படித்தானே மடிப்பாங்க” என்றாள் அபயாம்பாள்.

“வனஜாட்சி தன் கூறையை அவிழ்த்துக் கொடுக்கவே இல்லை, டீச்சர். அலமாரியிலேருந்து மாமியார் எடுத்தாங்க. கண்காட்சிக் குறிப்புல நீங்கதான் அப்படி எழுதினீங்க.”

“ஆமா.”

“வாழைப்பூ நிறம் யாரோடது?”

கூடத்துக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பொம்மைகளும் காது கேட்பவை போல் நின்றன. ஊரில் எல்லாருக்கும் அபயாம்பாள் கல்யாணம் செய்துகொள்ளாத டீச்சர். அவள் அங்கே வேலைக்கு வந்ததிலிருந்து முப்பது வருஷமாக அப்படித்தான்.

“எனக்குப் பதினெட்டு வயசு” என்றாள் அவள். “ஒன்பது நாள் அந்த வீட்டுல இருந்தேன். அவருக்கு ஏற்கனவே ஒருத்தி இருந்திருக்கா. அவ குழந்தையோட வந்து வாசல்ல உட்கார்ந்துட்டா. தாலியை அங்கேயே வாங்கிக்கிட்டாங்க. கட்டியிருந்த வாழைப்பூக் கூறையோட எங்க வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்பா சொன்னார், அது அவங்க எடுத்துக் கொடுத்த சேலை, அவங்ககிட்டயே போகட்டும், கழட்டிக் கொடுன்னு. நல்ல மத்தியானம். வண்டி வாசல்ல நிக்குது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். கால்ல சிக்கி விழப் பார்த்தேன். மடிச்சேன். மஞ்சள் இருந்த முனையை உள்ளே வெச்சேன், யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு.”

“கட்டிவிடும்போது எத்தனை பேர் இருந்தாங்க?”

“அத்தை, சித்தி, நாத்தனார்னு ஏழெட்டுப் பேர். கொசுவம் பிடிக்க நான் நீன்னு சண்டை.”

“அவிழ்க்கும்போது?”

அபயாம்பாள் கூறையின் உள்ளே போன முனையைத் தொட்டுப் பார்த்தாள்.

கலாவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை. வனஜாட்சியின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினாள். “நாளைக்கு இது போதும். நிறம் தெரியலைன்னு எழுதி வெச்சிடலாம். அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க” என்றாள்.

பிறகு கூறையைக் கையில் எடுத்தாள். அதை ஐந்தாவது பொம்மைக்குக் கட்டினாள். ஊசி குத்தவில்லை. மஞ்சள் முனையை மறைக்கவும் இல்லை. ஒரு மணையை எடுத்துவந்து பொம்மையின் காலருகே போட்டாள்.

“மஞ்சளைக் கழுவிட்டா போயிடுவாளா?” என்று கேட்டாள் அபயாம்பாள். “இவளை எப்படி அனுப்பறது, குருவே? நான் என்ன செய்யணும்?”

கலாவல்லி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரைக்கும் போய்த் திரும்பினாள். பின்னால் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. பொம்மையின் பக்கம் கண்ணாடி வளையல் மெல்லக் குலுங்கும் சத்தம் கேட்டது.

“மணையில உட்காருங்க, டீச்சர். அவ அவிழ்க்கட்டும். கால்ல சிக்காம நீங்க கொசுவத்தைப் பிடிச்சுக்குங்க.”